யாருக்கு முதலில் கொடுப்பது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

பெயர் போட வேண்டாம். புதுவயல் பக்கம் ஒரு கிராமம் என்று மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு 33 வயது, பி.காம். படித்திருக்கிறேன், இரண்டு பிள்ளைகள். என் வீட்டுக்காரர் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் சிஎன்சி மெஷின் ஆபரேட்டராகக் காண்ட்ராக்ட் வேலையில் இருந்தார். போன வருஷம் ஆர்டர் இல்லை என்று காண்ட்ராக்ட் ஆட்களை நிறுத்திவிட்டார்கள். ஊருக்கு வந்த பிறகு சிங்கப்பூர் போகலாம் என்று ஒரு ஏஜென்ட்டிடம் ஒன்றரை லட்சம் கட்டினோம். அதுவும் வீட்டுக்காரருக்குத் தெரிந்த ஒருவரிடம் மூன்று வட்டிக்கு, அதாவது மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய்க்கு, வாங்கிய பணம். ஏஜென்ட் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தடிக்கிறார்.

இது போக, பேங்கில் ஆறு பவுன் நகை 1,80,000-க்கு இருக்கிறது. இரண்டு குழுக் கடனுக்கு மாதம் 4,700 கட்ட வேண்டும். 17,000 கையில் வாங்கிய தண்டலுக்கு ஒரு நாளைக்கு 200, இன்னும் 38 நாள் பாக்கி. நாத்தனாரிடம் கைமாற்று 40,000. வீட்டுக்காரர் லோடு ஏற்றுவது, சமையல் வேலைக்கு உதவிக்குப் போவது என்று மாதம் 9,000, 10,000 கொண்டுவருகிறார். யாருக்கு முதலில் கொடுப்பது என்றே தெரியவில்லை. வாசலில் வந்து சத்தம் போடுகிறவருக்குக் கொடுத்துவிடுகிறேன். மாமியாருக்கு எதுவும் தெரியாது. வீட்டுக்காரர் இப்போதெல்லாம் யாரிடமும் பேசுவதில்லை. ராத்திரி ஊருணிக்கரையில் போய்த் தனியாக உட்கார்ந்துவிட்டு நேரம் கழித்து வருகிறார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

– ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

கடைசியில் எழுதியிருப்பதை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். இன்று ராத்திரி அவர் ஊருணிக்குப் போனால் நீங்களும் கூடப் போங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "சாகணும்னு நெனப்பு வருதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த நினைப்பைக் கிளப்பிவிட்டது போலாகுமோ என்று பயப்பட வேண்டாம். அப்படி ஆகாது. கேட்க ஒரு ஆள் இருக்கிறது என்பதே அவருக்குப் பெரிய தெம்பு. 'ஆமாம்' என்றாலோ, பதிலே சொல்லாமல் இருந்தாலோ, அவரைத் தனியே விடாதீர்கள். 104 அல்லது 14416 என்ற உதவி எண்ணுக்கு அப்போதே போன் போடுங்கள். இரண்டுமே இலவசம், தமிழில் பேசலாம். மறுநாள் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். கடன்காரர்களெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இனி பணம். சத்தம் போடுகிறவருக்கு முதலில் கொடுக்கிறீர்கள். மானத்துக்குப் பயந்த எல்லா வீட்டிலும் நடப்பது இதுதான். ஆனால் சத்தத்துக்கும் கடனின் கனத்துக்கும் சம்பந்தம் கிடையாது. உங்கள் கடன்களில் ஓசையே இல்லாமல் பேங்கில் கிடக்கிற நகைதான் உங்கள் ஒரே சொத்து. அதன் தவணைத் தேதி என்ன என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

நம் செட்டிநாட்டுப் பக்கத்து ஆட்கள் ரங்கூனிலும் பினாங்கிலும் வட்டிக்கடை வைத்திருந்த காலத்தில், வர வேண்டியது, கொடுக்க வேண்டியது, கையிருப்பு எல்லாவற்றையும் ஒரே பார்வையில் தெரியும்படி ஐந்தொகை எழுதுவார்கள். பி.காம். படித்த உங்களுக்கு அதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் வீட்டுக்கு ஒன்று எழுதுங்கள், அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. ஒவ்வொரு கடனுக்கும் நேரே பாக்கி எவ்வளவு, மாத வட்டி எவ்வளவு, கட்டாவிட்டால் எதை இழப்போம், அவர்கள் கையில் நம் கையெழுத்துப் போட்ட காகிதம் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். மொய் நோட்டையும் எடுங்கள். இந்த வருஷம் நீங்கள் திருப்பிச் செய்ய வேண்டிய மொய்யும் கடன்தான். அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, திடீரென்று ஒரு முகூர்த்த மாதத்தில் வந்து கையைக் கடிக்கும்.

தண்டலை நான் இங்கேயே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கையில் வாங்கியது 17,000. ஒரு நாளைக்கு 200 வீதம் 100 நாளில் கொடுப்பது 20,000. மூவாயிரம்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டுகிறீர்கள். சராசரியாக உங்கள் கையில் இருந்தது 8,500 ரூபாய்தான். அதற்கு 100 நாளில் 3,000 வட்டி என்றால், மாதம் நூற்றுக்குப் பத்தரை ரூபாய். மூன்று வட்டிக்காரரைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள், அவரைவிட மூன்று மடங்குக்கும் மேலே வாங்குகிற ஆள் சாயங்காலம் அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போகிறார். பாக்கி 38 நாள் என்றால் 7,600 ரூபாய். அதை முடித்துவிட்டு அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "முடிச்சிட்டீங்க, நாளைக்கே புதுசா இருபது தர்றேன்" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தமிழ்நாட்டில் 2003-இல் வந்த அதீத வட்டித் தடைச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டியோடு தண்டலையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. மூன்று வருஷம் வரை சிறை உண்டு. மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025-இல் தனிச் சட்டமே போட்டிருக்கிறார்கள். வீட்டுக்குள் வந்து மிரட்டினால் காவல் நிலையத்துக்குப் போகத் தயங்காதீர்கள்.

மூன்று வட்டிக்காரரிடம் வேறு மாதிரி பேச வேண்டும். அவர் உங்கள் வீட்டுக்காரருக்குத் தெரிந்தவர்தானே. தெரிந்தவர் என்பதால் அந்த வட்டி சட்டப்படி சரியாகிவிடாது, அதுவும் அரசு வைத்த வரம்புக்கு மேலேதான். ஆனாலும் முதலில் இரண்டு பேரும் சேர்ந்து நேரில் போங்கள், ஐந்தொகையைக் கையில் எடுத்துக்கொண்டு. "இனிமே வட்டி எங்களால முடியாது. அசலை மாசம் இவ்வளவுன்னு கட்டிடறோம்" என்று சொல்லுங்கள். ஒத்துக்கொள்வாரா என்று கேட்பீர்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், ஏனென்றால் கொடுத்தவருக்கும் பணம்தான் வேண்டும். இந்தச் சீமைக்கு அது நன்றாகவே தெரியும். 1930-இல் நெல் விலை விழுந்தபோது பர்மாவில் நம் ஊர்ச் செட்டியார்களிடம் கடன் வாங்கிய விவசாயிகளால் கட்ட முடியவில்லை. கடனுக்கு ஈடாக நிலம் வந்து சேர்ந்தது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930-இல் 6 சதவீதம், 1938-இல் 25 சதவீதம். பார்த்தால் லாபம் போலத் தெரியும். அவர்களுக்கு வேண்டியிருந்தது ரொக்கம், கிடைத்தது விற்க முடியாத நிலம், கூடவே அந்த ஊர் மக்களின் தீராத கோபம். பிறகு யுத்தம் வந்தது, 1948-இல் நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது, போட்டது போட்டபடி போயிற்று. கட்ட முடியாதவரை நெருக்கினால் முதலும் போகும் என்று நம் ஊரில் கொடுக்கல் வாங்கல் பண்ணுகிற எவருக்கும் சொல்லாமலே புரியும். ஒத்துக்கொண்டால் அதை எழுதி வாங்குங்கள். இனி கட்டுவதை ஜிபேயில் கட்டுங்கள், பதிவு இருக்கும். வெற்றுப் பத்திரத்திலோ வெற்றுச் செக்கிலோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் அதைத் திருப்பிக் கேளுங்கள். பேச்சு முற்றினால் தாலுகா நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. 15100-க்குப் பேசினாலும் வழி சொல்வார்கள்.

குழுக் கடனில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நீங்கள் ஒரு தவணை கட்டாவிட்டால் உங்களைப் போலவே கஷ்டப்படுகிற மற்றப் பெண்கள் தலையில் அது விழுகிறது. அதனால் அதை மூன்று வட்டிக்கு முன்னால் வையுங்கள். முடியாத மாதம் வருவதற்கு முன்பே கிளை மேலாளரிடம், தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தரும்படி எழுதிக் கொடுங்கள், நகலில் சீல் வாங்குங்கள். ரிசர்வ் வங்கி 2022-இல் போட்ட விதிப்படி, ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகாதபடி பார்த்துத்தான் இந்தக் கடனைக் கொடுக்க வேண்டும். இரண்டாவது குழுக் கடனைக் கொடுத்தபோது அதைப் பார்த்தார்களா என்று அந்தக் கடிதத்திலேயே கேளுங்கள். காலை 9 மணிக்கு முன்னாலும் மாலை 6 மணிக்குப் பின்னாலும் வசூலுக்கு வரக்கூடாது, போனும் பண்ணக்கூடாது. ஈடு இல்லாத கடன் இது, வீட்டுச் சாமானை எடுத்துப் போக அவர்களுக்கு உரிமை கிடையாது. புகாருக்கு ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் 14448 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

இப்போது நகை. நான் சொல்வது உங்களுக்குக் கசக்கும், அப்பா போட்ட நகையாக இருக்கும். அதில் ஒரு பகுதியை விற்றுவிடுங்கள். நம் பெண்களுக்கு அடகு வைப்பது கௌரவம், விற்பது அவமானம். வருஷக்கணக்கில் வட்டி கட்டி, கடைசியில் ஏலத்தில் விடுவதில் என்ன கௌரவம் இருக்கிறது? காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு தடவை நடந்து பாருங்கள். தேக்குத் தூண், நிலைக்கதவு, எனாமல் கிண்ணி, பெயர் வெட்டிய பித்தளைப் பாத்திரம் என்று கடைகடையாக அடுக்கியிருக்கிறது. எல்லாம் பெரிய வீடுகளிலிருந்து வந்தவை. விற்ற வீடுகள் இன்னும் இதே ஊரில்தான் இருக்கின்றன, யாரும் அவர்களை மதிக்காமல் விடவில்லை.

நீங்கள் வைத்தபோது இருந்ததைவிடப் பவுன் விலை இப்போது வெகுவாக ஏறியிருக்கிறது. பேங்கில் போய், அசலில் ஒரு பங்கு கட்டினால் ஒரு உருப்படியை மட்டும் விடுவிப்பார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் நாத்தனாரையோ உங்கள் அண்ணன் தம்பியையோ ஒரு நாளைக்கு மட்டும் பணத்தோடு உங்களுடன் வரச் சொல்லி, அதில் நகையை மீட்டு, தெரிந்த கடையில் அன்றே இரண்டு மூன்று பவுனை விற்று அவர்கள் பணத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள். 'அடகு நகையை மீட்டு வாங்கிக்கொள்கிறோம்' என்று சுவரெல்லாம் ஒட்டியிருக்கிறார்களே, அங்கே போகும் முன் இரண்டு கடையில் எடை போட்டுப் பாருங்கள், கழிவு என்று எவ்வளவு பிடிப்பார்கள் என்று முதலிலேயே கேளுங்கள். வருகிற பணத்தில் தண்டலை முடியுங்கள், மூன்று வட்டி அசலில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு அடையுங்கள். இப்போது அந்த வட்டிக்கு மட்டும் மாதம் 4,500 போகிறது. அது நின்றாலே பிள்ளைகள் சாப்பாட்டுக்கு ஆகும்.

ஏஜென்ட்டிடம் பாஸ்போர்ட் இருந்தால் முதலில் அதை வாங்குங்கள். பிறகு அவர் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். ஒன்றரை லட்சம் வாங்கியதே தப்பு. பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து, மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் புகார் கொடுங்கள். இன்னும் ஐம்பதாயிரம் கட்டினால் விசா வந்துவிடும் என்று சொல்வார். ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

வேலை விஷயத்தில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் கடிதத்தில் வேலை தேடுவது அவர் மட்டும்தான். பி.காம். என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். புதுவயலைச் சுற்றி இத்தனை அரிசி ஆலை இருக்கிறது, ஒவ்வொன்றிலும் பில் போட, ஜிஎஸ்டி கணக்குப் பார்க்க ஆள் வேண்டும். கணக்கு எழுதும் டேலி சாஃப்ட்வேர் மறந்திருந்தால் கொஞ்ச நாள் உட்கார்ந்தால் திரும்பி வந்துவிடும். கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளை ஓட்டலாக்கியிருக்கிறார்கள், அங்கேயும் கணக்குக்கும் வரவேற்புக்கும் ஆள் எடுக்கிறார்கள். விளம்பரத்துக்குக் காத்திருக்காமல் நேரில் போய்க் கேளுங்கள். அவருக்கும் சொல்கிறேன். சிஎன்சி வேலையே வேண்டும் என்றால் திருச்சி, ஓசூர்தான். அது அமையும் வரைக்கும் ஆலைகளில் மெஷின் பராமரிப்பு, லேத் பட்டறை வேலை கேட்கலாம். லோடு ஏற்றுகிற வேலையைவிட அது அவர் கைக்குப் பழகியது, மனசும் கொஞ்சம் நிமிரும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்துகிற தனியார் துறை முகாமுக்கு இரண்டு பேருமே போங்கள். ஐந்து வருஷத்துக்கு முன்பே நீங்கள் பதிந்திருந்து, குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000-க்குள் இருந்தால் பட்டதாரிக்கு மாதம் 600 உதவித்தொகை உண்டு. இப்போதைய வருமானத்துக்கு அது கிடைக்காமல் போகலாம், ஆனாலும் பதிவு உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மாமியாரிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் தண்டல் பையன் சொல்லிவிடுவான். அவருக்கு நாலு சுடுசொல் இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால்தான் நீங்கள் வேலைக்குப் போக முடியும், அதற்கு அவர் வேண்டும். நாத்தனாரிடமும் கணக்கைக் காட்டி, உங்கள் பணம் கடைசியில்தான் வரும் என்று சொல்லிவிடுங்கள்.

நகை ரசீதில் தவணை முடியும் தேதி போட்டிருக்கும். அதை நாளைக்குக் காலையிலேயே பாருங்கள். தேதி தாண்டியிருந்தால் ஏல நோட்டீஸ் வருவதற்குள் பேங்குக்குப் போய் வட்டியையாவது கட்டி மாற்றி வைக்க முடியுமா என்று கேளுங்கள். ஐந்தொகையை எழுதி முடித்ததும் பெயரெல்லாம் அடித்துவிட்டு எனக்கு அனுப்புங்கள். பார்த்துவிட்டு எழுதுகிறேன், அதை இங்கே போட மாட்டேன்.

அன்புடன்,
அக்கா