காலையில் வாங்கிய மீன் இரவில் ஏன் குழைகிறது?

கேள்வி: உப்புவெளியில் சிறிய ரெஸ்டோரன்ட் நடத்துகிறேன். கண், செவுள் பார்த்துத்தான் காலையில் மீன் வாங்குகிறோம். ஆனாலும் இரவு தணலில் சுடும்போது பாரை குழைந்து உதிர்கிறது. கணவாயோ றப்பர் மாதிரி இழுபடுகிறது. பிழை வாங்குவதிலா, சமையலிலா?

பதில்: இரண்டிலும் இருக்கலாம். முதலில் வாங்குவதைப் பார்ப்போம்.

கண்ணும் செவுளும் மட்டும் போதாது. பாரையைத் தலைப்பக்கம் பிடித்துக் கிடையாகத் தூக்கிப் பாருங்கள். வால் தொங்காமல் விறைப்பாக நின்றால் நல்ல மீன். நம் திருகோணமலைக் கடலில் இன்னொரு கவலையும் உண்டு: டைனமைட் வெடித்து மீன் பிடிப்பது. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டம் தடை செய்தும் அது முற்றாக நிற்கவில்லை. வெடியில் செத்த மீன் வெளியே பளபளவென்று இருக்கலாம். வயிற்றைக் கீறினால் முள்ளோரம் இரத்தம் கட்டியிருக்கும், நடுமுள் முறிந்தும் இருக்கலாம். அந்தச் சதை சீக்கிரம் குழையும். மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். பவளப்பாறையையும் மீன்குஞ்சையும் சேர்த்து அழித்துத்தான் அது கரைக்கு வருகிறது.

அடுத்தது ஐஸ். இங்குதான் பலர் கோட்டை விடுகிறார்கள். நம் வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் வேண்டும். குடலை எடுத்து, வயிற்றுக்குள்ளும் நொறுக்கிய ஐஸ் வையுங்கள். உருகிய தண்ணீர் வடிந்து போக வேண்டும், மீன் அதில் ஊறக் கூடாது. கணவாயைப் பொலித்தீன் பையில் போட்டு ஐஸுக்குள் வைத்தால் நிறமும் ருசியும் போகாது. சூரை, கும்பளா போன்றவற்றில் இன்னும் கவனம் வேண்டும். சூட்டில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் உண்டாகும். எவ்வளவு பொரித்தாலும் அது அழியாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து தலையிடி வரும். வந்த விருந்தாளியை அப்படி அனுப்பலாமா?

சரி, குசினிக்கு வருவோம். மீனுக்குத் தேசிக்காய்ப் புளி விட்டு மணிக்கணக்காக ஊற வைக்கிறீர்களா? அப்படியானால் புளியிலேயே சதை பாதி வெந்து வெளுத்துவிடும், தணலில் உதிரும். உப்பு, மிளகாய்த்தூள், மஞ்சளைச் சுடுவதற்குக் கால் மணிநேரம் முன்பு பூசுங்கள். ஈரத்தை முதலே துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். கம்பித்தட்டு நன்றாகக் காய்ந்திருந்தால் தோல் ஒட்டாது. முள்ளை ஒட்டிய சதை கண்ணாடி மாதிரித் தெரியாமல் வெள்ளையானதும் இறக்கி, அப்புறம் புளி பிழியுங்கள்.

வாடைக்காற்றுக் காலத்தில் பல நாள் படகு இறங்காது. அதனால் மெனுவில் மீன் பெயரை அச்சடிக்காதீர்கள். அன்றன்று கிடைத்ததைப் பலகையில் எழுதி வையுங்கள்.

கணவாய்க்கு நடுவழி கிடையாது. கொதிக்கும் சூட்டில் இரண்டு நிமிடம், இல்லையென்றால் கறியாக முக்கால் மணிநேரம் மெல்லிய நெருப்பில். உங்கள் சமையல்காரர் பத்து நிமிடம் வதக்குகிறார் என்று நினைக்கிறேன்.