வாங்குமுன் ஒரு வார்த்தை: கீச்சிடும் கிளாரினெட்

கேள்வி: மகள் இப்போதுதான் கிளாரினெட் பழகுகிறாள். பாதி நேரம் கீச் என்ற சத்தம்தான் வருகிறது. வேறு வாத்தியம் வாங்கிவிடலாமா?

பதில்: முதலில் அவளுடைய ஆசிரியரை அதே வாத்தியத்தை, அதே ரீடோடு (ஊதும்போது அதிரும் மெல்லிய நாணல் பட்டை) ஊதச் சொல்லுங்கள். அவர் கையில் கீச்சிடாவிட்டால் எதுவும் வாங்க வேண்டாம், மகள் பழகட்டும். அவருக்கும் கீச்சிட்டால், அவருடைய மவுத்பீஸையும் (வாயில் வைத்து ஊதும் முனை) ரீடையும் பொருத்திப் பார்க்கட்டும். சத்தம் நின்றுவிட்டால் கோளாறு உங்கள் மவுத்பீஸிலோ ரீடிலோ இருக்கிறது. நிற்காவிட்டால்தான் வாத்தியத்தைச் சந்தேகப்பட வேண்டும்.

கேள்வி: படத்தை மட்டும் பார்த்து ஒரு பழைய மரக் கிளாரினெட் வாங்கினேன். கீழ்ச் சுரங்கள் எகிறிக் கீச்சிடுகின்றன. விற்றவரோ "உங்களுக்கு ஊதத் தெரியவில்லை" என்கிறார்.

பதில்: புதிதாகப் பழகுபவரின் வாயை அடைக்க இதைவிட வசதியான பதில் கிடையாது. மனம் தளராதீர்கள், சோதித்துப் பாருங்கள். மேல்பகுதியைத் தனியே கழற்றி, துளைகளை விரல்களால் மூடி, அடிவாயை உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு காற்றை உறிஞ்சுங்கள். அந்தப் பிடிப்பு சில நொடியாவது நிற்க வேண்டும். உடனே விட்டுப்போனால் எங்கோ கசிகிறது. எந்த பேடு (கீ எனும் விசையின் அடியில் துளையை மூடும் மெத்தை) என்று தெரிய, மெல்லிய தாள் கீற்று ஒன்றை பேடுக்கும் துளைக்கும் நடுவில் வைத்து, கீயை மூடி இழுங்கள். பிடிப்பில்லாமல் தாள் நழுவி வரும் இடத்தில்தான் கசிவு.

மேல்பகுதியில் சின்னக் கசிவே போதும். ரெஜிஸ்டர் கீ அங்கே ஒரு சிறு துளையைத் திறந்துதான் சட்ஜத்தை மேல் ஸ்தாயிப் பஞ்சமத்துக்குத் தூக்குகிறது. கசிவு அதே வேலையை உங்களைக் கேட்காமலே செய்கிறது. மரத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு பழுது பார்ப்பவரிடம் கோளாறுகளையும் செலவையும் எழுதி வாங்கி விற்றவருக்கு அனுப்புங்கள். "ஊதத் தெரியவில்லை" என்று அந்தத் தாளிடம் சொல்ல முடியாது.

கேள்வி: எண் கூடினால் தரம் கூடும் என்று 4-ம் எண் ரீடு ஒரு பெட்டி வாங்கிவிட்டேன். காற்றும் கீச்சும்தான் வருகிறது.

பதில்: அந்த எண் ரீடின் விறைப்பைச் சொல்கிறது, தரத்தை அல்ல. பழகுபவர்கள் பொதுவாக 2 அல்லது 2½-ல் தொடங்குவார்கள். ஒன்றை வாங்கிப் பார்த்திருக்கலாமே, ஒரு பெட்டியா வாங்குவது?

கேள்வி: ரீடின் நுனியில் லேசான மூளி. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா?

பதில்: குப்பையில் போடுங்கள்.

கேள்வி: விலையுயர்ந்த லிகேச்சர் போட்டால் கீச் போய்விடும் என்கிறார் கடைக்காரர்.

பதில்: இதே வாக்கை நம்பி வாங்கிய தங்க முலாம் பூசிய லிகேச்சர் ஒன்று என் அலமாரியில் தூங்குகிறது. பளபளப்புக்குக் குறைவில்லை, கீச்சும் குறையவில்லை. லிகேச்சரின் வேலை ரீடை அசையாமல் பிடிப்பது, அவ்வளவுதான். ரீடை நன்றாக நனைத்து, கோணாமல் வைத்து, அதன் நுனிக்கு மேலே மவுத்பீஸின் விளிம்பு மயிரிழை அளவு தெரியும்படி பொருத்திப் பாருங்கள். இதற்குக் காசு கேட்க மாட்டார்கள்.

கேள்வி: கிளாரினெட், பெட்டி, ஸ்டாண்டு, கையுறை, துணி, பத்து ரீடு என எல்லாம் சேர்த்து மலிவாகக் கிடைத்தது. எந்த ரீடு போட்டாலும் கீச்.

பதில்: கையுறை! கையுறை போட்டுக்கொண்டு யார் கிளாரினெட் ஊதுகிறார்கள்? இந்த மூட்டை வியாபாரத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உதிரிச் சாமான்களை அடுக்கிக் காட்டுகிறார்கள். ஒலி பிறக்கும் மவுத்பீஸை மட்டும் ஏனோதானோ என்று வார்த்துப் போடுகிறார்கள். ரீடு உட்காரும் தளம் மட்டமாக இருக்காது, இரு பக்க விளிம்பும் ஒரே அளவில் இராது. அங்கே எந்த நல்ல ரீடும் தோற்றுப்போகும். பழகுபவர் தன் உதட்டைத்தான் குறை சொல்லிக்கொள்வார். பலர் வாசிப்பையே விட்டுவிடுகிறார்கள். அதுதான் எனக்கு ஆத்திரம்.

மவுத்பீஸில் நனைந்த ரீடைப் பொருத்தி, அடியை உள்ளங்கையால் மூடி உறிஞ்சுங்கள். ரீடு ஒட்டி நின்று, ஒரு கணம் கழித்து 'டப்' என்று விட வேண்டும். வேறு வேறு ரீடு போட்டும் ஒட்டவில்லை என்றால் அந்த மவுத்பீஸ் உதவாது. யமஹா 4சி போல மாணவர்களுக்கென்றே வரும் மவுத்பீஸ் ஒன்றை மட்டும் வாங்கிப் போட்டுப் பாருங்கள். திருப்பித் தரும் கெடு இன்னும் இருந்தால் அதுகூட வேண்டாம், மூட்டையோடு திருப்பிவிடுங்கள். மலிவு வாத்தியங்களில் கீக்களும் மென்மையான உலோகம். வளைந்தால் பழுது பார்ப்பவர் பலர் தொடவே மறுப்பார்கள்.

கேள்வி: ஏ சுரத்திலிருந்து பி சுரத்துக்கு ஏறும்போது மட்டும் கீச்சிடுகிறது. எதை மாற்றுவது?

பதில்: எதையும் மாற்ற வேண்டாம். விரல்கள் பெரும்பாலும் திறந்திருக்கும் இடத்திலிருந்து எல்லாத் துளையையும் ஒரே நேரத்தில் மூடும் இடத்துக்குத் தாவுகிறீர்கள். ஏதோ ஒரு விரல் துளையை அரைகுறையாக மூடுகிறது. ஏ ஊதும்போதே வலக்கை விரல்களைத் துளைகளின் மேல் வைத்துவிடுங்கள். வலது ஆள்காட்டி விரலின் பக்கவாட்டு பக்கக் கீக்களில் இடிக்கிறதா என்றும் கண்ணாடியில் பாருங்கள்.