கேள்வி-பதில்: உள்ளே உரசுமா, வெளியே துருத்துமா?

இந்தமுறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டொயோட்டா 86 வைத்திருப்பவர்கள் எழுதியவை. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

86-க்கு 17க்கு 9 இன்ச் வீல், ஆஃப்செட் 42, 245/40 ஆர்17 டயர் பார்த்து வைத்திருக்கிறேன். உரசுமா?

முதலில் எண்கள்: வீலில் 17 விட்டம், 9 அகலம்; டயரில் 245 அகலம் மி.மீ.-இல், 40 பக்கச்சுவர் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. வீலின் நடுக்கோட்டிலிருந்து அது காரில் ஒட்டும் முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பதே ஆஃப்செட். கம்பெனி வீல் 17க்கு 7, ஆஃப்செட் 48. அகலம் 2 இன்ச் கூடினால் உள்ளே 25 மி.மீ., வெளியே 25 மி.மீ. ஆஃப்செட் 6 குறைவதால் வீல் அந்த அளவு வெளியே நகரும். ஆக, வெளிப்பக்கம் 31, உள்பக்கம் 19 மி.மீ. இடம் வேண்டும். வெளியே நெகடிவ் கேம்பர் கொடுத்து (சக்கரத்தின் தலையை உள்ளே சாய்த்து), ஃபெண்டர் விளிம்பையும் மடக்க வேண்டி வரலாம். எல்லோரும் மறப்பது உள்பக்கத்தை. முன்சக்கரத்தில் டயருக்கும் ஸ்ட்ரட்டுக்கும் (ஷாக் அப்சார்பர் தூண்) நடுவில் இருக்கும் இடைவெளி கொஞ்சம்தான். கீழே கேம்பர் போல்ட் போட்டுச் சாய்த்தால் டயரின் தலை ஸ்ட்ரட்டை நோக்கிப் போய் அந்த இடைவெளியையும் தின்றுவிடும். மேலே கேம்பர் பிளேட் போட்டால் ஸ்ட்ரட்டும் வீலும் சேர்ந்தே சாயும், இடைவெளி மாறாது. வாங்கும் முன் அளந்து பாருங்கள். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து வைத்து அளக்க வேண்டும்.

தினமும் வேலைக்குப் போய்வரும் வண்டி என்றால் 8 இன்ச், ஆஃப்செட் 45, 225/45 போதும். கம்பெனி டயரைவிட உயரம் 9 மி.மீ. கூடும், ஸ்பீடோமீட்டர் ஒன்றரை சதவீதம் குறைத்துக் காட்டும். அவ்வளவுதான்.

18 இன்ச் வீல் என் காரில் ஏறுமா?

எந்தக் கார் என்றே எழுதவில்லை. விட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் பதில் சொல்ல முடியாது. அகலம், ஆஃப்செட், பி.சி.டி. (நட் துளைகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும்), ஹப் துளை (வீலின் நடுத்துளை) நான்கையும் எழுதுங்கள். 86-க்கு 5க்கு 100, துளை 56.1. இப்போதைய மஸ்டா எம்.எக்ஸ்-5-க்கு 4க்கு 100, துளை 54.1. உங்கள் காருக்கு என்ன?

அகல டயர் மழையில் நன்றாகப் பிடிக்கும்தானே?

இல்லை. பட்டன் ஆழம் ஒன்றாக இருந்தால், அகலமான டயர்தான் முதலில் தண்ணீர்மேல் மிதக்கும்.

86-இல் 15 மி.மீ. ஸ்பேசர் (வீலை வெளியே தள்ளும் தட்டு) சொருகியிருக்கிறேன். நட் ஐந்து சுற்றுதான் ஏறுகிறது. பரவாயில்லையா?

வண்டியை எடுக்காதீர்கள். ஸ்டட் (நட் ஏறும் திருகுக் கம்பி) 12 மி.மீ. தடிமன், ஒரு சுற்றுக்கு 1.25 மி.மீ. ஏறும். ஐந்து சுற்று என்றால் 6 மி.மீ. பிடிப்பு. ஸ்டட்டின் தடிமன் அளவாவது, அதாவது பத்துச் சுற்றாவது, ஏறியே ஆக வேண்டும். நீள ஸ்டட் மாற்றுங்கள். அதைவிட நல்லது, சரியான ஆஃப்செட் உள்ள வீலாகவே வாங்குவது. போர்ஷே 911-க்கு ஸ்பேசர் கேட்டவருக்கும் இதே எச்சரிக்கை: பெரும்பாலான புது 911-களில் ஸ்டட் கிடையாது, போல்ட். ஸ்பேசர் எவ்வளவு தடிமனோ அவ்வளவு நீளமான போல்ட் வேண்டும்.

ஹோண்டா எஸ்2000-இன் பழைய நட்டையே புது வீலுக்குப் போடலாமா?

கூடாது. ஹோண்டா நட்டின் அடி உருண்டை, வெளிச்சந்தை வீல்களில் பெரும்பாலும் கூம்பு. இறுகிய மாதிரி இருக்கும், பிறகு தளரும்.

அதே எஸ்2000. முன்னால் மட்டும் 225 போட்டால் நன்றாகத் திரும்புமா?

முன்பக்கம் திரும்பும், பின்பக்கம் சுற்றிக்கொண்டு வரும். முதலில் வந்த வண்டிகளில் முன் 205, பின் 225. வளைவில் பின்பக்கம் சட்டென்று நழுவுகிறது என்று பேர் வாங்கிய கார் இது. 2004-இல் ஹோண்டாவே பின்னால் 245 ஆக்கியது, முன்னால் 215-தான். பின்னால் கூட்டாமல் முன்னால் கூட்டாதீர்கள்.

பேர்பெற்ற ஜப்பான் வீல் மாதிரியே ஒரு செட் கால் விலைக்குக் கிடைக்கிறது. ஜே.டபிள்யூ.எல். முத்திரையும் இருக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். இதை எத்தனை தடவை எழுதினாலும் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது, நானும் விடுவதாக இல்லை. ஜே.டபிள்யூ.எல். என்பது ஜப்பானின் அலாய் வீல் தரத்துக்கு உட்பட்டது என்று தயாரிப்பவரே போட்டுக்கொள்வது. வி.ஐ.ஏ. முத்திரைதான் வெளியார் சோதனையில் தேறிப் பதிவானதைச் சொல்வது. இரண்டையுமே அச்சில் வார்த்துவிட ஒரு நகல்காரருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? சுழலவிட்டு வளைக்கும் சோதனை, பாரம் ஏற்றி உருட்டும் சோதனை, மோதல் சோதனை என்று அந்தத் தரத்தில் மூன்று உண்டு. வளைவில் திரும்பும்போது வளைக்கும் விசை ஸ்போக்கின் அடியில் விழும். அகல வீலில் வார்ப்பு மட்டமாக இருந்தால் உடைவது அங்கேதான்.

நானும் ஒருமுறை அப்படி ஒரு செட் வாங்கினேன். துளை 73, என் ஹப் 56. நடுவில் உள்ள இடைவெளியை நிரப்பும் வளையம் தரவில்லை, மணிக்கு 100 தாண்டினால் ஸ்டியரிங் நடுங்கியது. வளையம் போட்டுச் சரிசெய்தேன். அப்புறம் ஒரு டயரில் வாரம் ஒருமுறை காற்று இறங்கியது. கழற்றிப் பார்த்தால் ஒரு ஸ்போக் ரிம்மோடு சேரும் இடத்தில் முடிபோல விரிசல். விற்ற கடைக்காரர் ரோட்டைக் குறை சொன்னார். அந்த வீல் நெடுஞ்சாலையில் உடைந்திருந்தால் யாரைக் குறை சொல்வது?

தராசில் வைத்துப் பாருங்கள். நல்ல 17க்கு 9 வீல் 8 கிலோ சுற்றி இருக்கும். நகல் 11, 12 வரும். அகல டயரில் கிடைத்த பிடிப்பை அந்த எடையே ஆக்சிலரேஷனிலும் மேடுபள்ளத்திலும் திருப்பி வாங்கிக்கொள்ளும். வீலின் பின்பக்கம் பார அளவு பொறித்திருக்கிறதா என்றும் பாருங்கள். பொறிக்கவில்லை என்றால் வைத்துவிட்டு வாருங்கள். காசு போதவில்லையா, கம்பெனி வீலிலேயே நல்ல டயர் போடுங்கள். 86-இன் 7 இன்ச் வீலில் 225/45 முறையாகவே உட்காரும்.

அகல டயருக்குக் காற்று எவ்வளவு?

கதவில் ஒட்டியிருக்கும் அளவில் தொடங்குங்கள், 86-க்கு 35 பி.எஸ்.ஐ. டயரின் பார எண் (எவ்வளவு எடை தாங்கும் என்பதைக் குறிக்கும் எண்) பழையதைவிடக் குறையக் கூடாது.

கடையில் இம்பாக்ட் கன்னில் நன்றாக இறுக்கிவிட்டார்கள். மறுபடி பார்க்க வேண்டுமா?

வேண்டும். தளர்த்திவிட்டு, டார்க் ரென்ச் வைத்துக் கையால் இறுக்குங்கள். 86-க்கு 120 நியூட்டன் மீட்டர். 100 கி.மீ. ஓடியதும் இன்னொரு முறை.

எம்.எக்ஸ்-5-க்கு 235 போட ஆசை.

ஒரு டன் சொச்சம் எடையுள்ள கார் அது. சாதாரண ரோட்டில் அந்த டயர் சூடே ஏறாது, ஸ்டியரிங்கின் உயிரும் போய்விடும். ஏழரை இன்ச் வீல், 215/45. முழுக்க ஒடித்து அளந்துவிட்டு வாங்குங்கள்.