நாள் முழுக்க வீட்டு வேலை செய்யும் எனக்குப் பரிசோதனையில் 'உடலியக்கம் குறைவு' என்று எப்படி வந்தது?

வீட்டு வேலை, கைக்குழந்தை என்று உட்கார நேரமில்லாத உங்களை ஒரு படிவம் 'உடலியக்கம் குறைவு' என்று சொல்லிவிட்டது, இந்தக் கணக்கை யார் போடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். போட்டவர்களில் நானும் ஒருத்தி. ஒரு சுகாதாரக் கணக்கெடுப்பில் வீடு வீடாகப் போய் இதே மாதிரிக் கேள்விகளைக் கேட்டு எழுதும் வேலை பார்த்தேன். டாக்டர் இல்லை. "களப்பணியாளருக்கு என்ன தெரியும்" என்பவர்கள் அடுத்த பதிலுக்குப் போய்விடலாம்.

உங்களிடம் கொடுத்தது ஐபேக் (IPAQ) என்ற சர்வதேச உடலியக்கக் கேள்வித்தாளின் குறும்படிவமாக இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். ஏழே கேள்விகள். போன ஏழு நாளில் கடுமையான வேலை, மிதமான வேலை, நடை இவற்றை எத்தனை நாள், எவ்வளவு நேரம் செய்தீர்கள், எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தீர்கள், அவ்வளவுதான். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தி ஒரு மெட். நடைக்கு 3.3, மிதமானதற்கு 4, கடுமையானதற்கு 8 என்று நிமிடங்களைப் பெருக்கிக் கூட்டுவார்கள். ஐந்து நாளாவது ஏதோ ஒன்றைச் செய்து வாரத்துக்கு 600 மெட்-நிமிடம் தேற்றினால் மிதமான வகுப்பு. இப்படி இன்னும் ஓரிரு வழிகள் உண்டு. எதிலும் தேறாதவர் 'குறைவு'.

மிதமான உழைப்புக்கு அதில் என்ன எடுத்துக்காட்டு தெரியுமா? லேசான சுமை தூக்குவது, சைக்கிள், இரட்டையர் டென்னிஸ். தரை துடைப்பது இல்லை. வீட்டு வேலையையும் சேர்த்து யோசியுங்கள் என்று முன்னுரையில் ஒரு வரி இருக்கிறது, ஆனால் முன்னுரையை யார் படிக்கிறார்கள்? பிரிட்டனில் குடும்ப மருத்துவர்களுக்காக உருவான ஜிபிபேக் இன்னும் மோசம். வீட்டு வேலை, நடை பற்றியெல்லாம் கேட்கும், ஆனால் வகைப்படுத்தும்போது சேர்க்காது. அந்தப் பதில்களை அவ்வளவாக நம்ப முடியாது என்று காரணம் சொல்வார்கள்.

நாங்கள் பயன்படுத்தியது உலக சுகாதார நிறுவனத்தின் ஜிபேக். ஒரு வீட்டில் "வேலையில் மூச்சு வாங்கும் அளவுக்கு உழைப்பு உண்டா?" என்று கேட்டேன். "நான் எங்கே வேலைக்குப் போறேன், வீட்டுல சும்மாதான் இருக்கேன்" என்றார் அந்த அம்மா. அவர் பக்கத்தில் நிறைந்த இரண்டு வாளிகள், அவருக்குப் பின்னால் மாடிப்படி முழுக்க ஈரம். மோட்டார் ரிப்பேராகிப் பல மாதமாம். கூட வந்த மேற்பார்வையாளர், "அவங்க சொன்னதை எழுதும்மா, நேரமாகுது" என்றார். நான் எழுதவில்லை. படங்கள் இருக்கும் அட்டையைக் காட்டி, சம்பளமில்லாத வீட்டு வேலையும் இதில் சேரும் என்று சொன்னேன். "ஏம்மா, இதையெல்லாம் கூடவா வேலைன்னு எழுதுவீங்க?" என்று சிரித்தார். தினமும் அரை மணி நேரம் தண்ணீர் தூக்குகிறார். 30 நிமிடம், 7 நாள், 8 மெட்: 1680. கடுமையான உழைப்பில் 1500 தாண்டினால் 'உயர்' வகுப்பு. 'சும்மா' என்று எழுதியிருந்தால் அந்த இடத்தில் பூஜ்யம்.

பதிலை நான் வாயில் திணித்தேன் என்று யாராவது கிளம்புவீர்கள். 'வேலை' என்றால் என்ன என்ற விளக்கம் கையேட்டிலேயே இருக்கிறது. அதைத்தான் படித்துக் காட்டினேன். இடுப்பில் கருவி கட்டினால் உண்மை தெரிந்துவிடும் என்பவர்களுக்கும் ஒன்று: அது உடம்பின் அசைவைத்தான் பார்க்கும். வாளியோடு ஏறினாலும் வெறுங்கையோடு ஏறினாலும் அதற்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. சைக்கிளில் இடுப்பு பெரிதாக அசையாது.

எங்களுக்குக் கூலி ஒரு படிவத்துக்கு இவ்வளவு என்றுதான். விளக்கிச் சொல்லிக் கேட்பவளுக்கு நாலு படிவம், மடமடவென்று நிரப்புபவருக்குப் பத்து. பயணப்படி தருவதாகச் சொன்னார்கள், தரவில்லை. அனுபவச் சான்றிதழ் கேட்டால் இன்றுவரை "அடுத்த வாரம் வாங்க". சரி, அது என் தலைவலி.

இந்த வகுப்புகள் ஒரு மக்கள்கூட்டத்தை அளக்கச் செய்தவை. 2022-ல் உலகப் பெரியவர்களில் சுமார் 31 சதவீதம் பேருக்குப் போதிய உடலியக்கம் இல்லை என்ற மதிப்பீடு இப்படி ஆட்களே சொன்ன பதில்களில் இருந்து வந்ததுதான். நாடுகளை ஒப்பிட அது உதவும். ஒரு தனி ஆளுக்குத் தீர்ப்பு எழுத அது போதாது.

அதற்காக நீங்கள் செய்வதெல்லாம் கணக்கில் சேர்ந்துவிடும் என்றும் சொல்லமாட்டேன், கோபிக்காதீர்கள். பாத்திரம் கழுவுவது, துணி மடிப்பது மிதமான உழைப்பு தொடங்கும் 3 மெட்டைத் தொடாது. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்ற அளவுக்கு மூச்சு வாங்கினால்தான் அது மிதமான உழைப்பு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியேறுவது சேரும். ஆனால் அதெல்லாம் இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். பழைய படிவங்களில் 'தொடர்ந்து 10 நிமிடமாவது' என்ற நிபந்தனை உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2020 வழிகாட்டுதலில் அதை எடுத்துவிட்டது, வாரம் 150 நிமிடத்தை எப்படிச் சேர்த்தாலும் சரி என்று. உங்கள் படிவத்தை வாங்கிப் பாருங்கள். அந்த '10 நிமிடம்' அதில் இருந்தால், குழந்தை வைத்திருப்பவர்களுக்கு 'குறைவு' வருவதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.