ஹாலில் எழும்பி நிற்கும் டைல்ஸ்: எல்லாவற்றையும் உடைக்க வேண்டுமா?

கேள்வி: எங்கள் வீடு இரண்டாவது மாடி. ஹாலில் 2க்கு 2 அடி விட்ரிஃபைடு டைல்ஸ் போட்டு 6 வருடம் ஆகிறது. போன மே மாதம் ஒரு மதியம் பட்டாசு வெடித்த மாதிரி சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் நடுவில் இரண்டு டைல்ஸ் கூரை போல எழும்பி நின்றன. பக்கத்தில் இருப்பவையும் நடந்தால் 'டொக் டொக்' என்கின்றன. எல்லாவற்றையும் உடைத்துப் போடச் சொல்கிறார் மேஸ்திரி. வேறு வழி உண்டா?
- வாசகி, வேளச்சேரி

பதில்: அவசரப்பட்டு உடைக்க விடாதீர்கள் அம்மா. எழும்பிய டைல்ஸைத் திருப்பி அதன் முதுகைப் பாருங்கள். கழுவி வைத்த தட்டு மாதிரி சுத்தமாக இருந்தால், அது ஒட்டவே இல்லை என்று அர்த்தம். கலவையும் சேர்ந்து பெயர்ந்து வந்து கையில் மணலாக உதிர்ந்தால், அடியில் போட்ட கலவையில் சிமென்ட் போதவில்லை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

உங்கள் வீட்டில் முதலாவதாகத்தான் இருக்கும். விட்ரிஃபைடு டைல்ஸ் அரை சதவீதம்கூடத் தண்ணீர் குடிக்காது. சிமென்ட் பாலை ஊற்றி உட்கார வைத்தால் அது எதைப் பிடித்துக்கொள்ளும்? நானே அந்தத் தவறைச் செய்திருக்கிறேன். பெரம்பூரில் ஒரு வீட்டில், பழைய செராமிக் டைல்ஸுக்குச் செய்தது போலவே சிமென்ட் பால் ஊற்றிப் போட்டேன். இரண்டே வருடத்தில் கூடத்து நடுவில் தூக்கிவிட்டது. கூலி வாங்காமல் மறுபடி போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து டைல்ஸ் பசை இல்லாமல் விட்ரிஃபைடைத் தொடுவதில்லை.

ஒட்டாததால் மட்டும் டைல்ஸ் எழும்பாது. வெயிலில் அது கொஞ்சம் விரியும். விரிய இடம் வேண்டும். உங்கள் ஹாலில் டைல்ஸ் ஒன்றோடொன்று முட்டி, கடைசி வரிசை சுவரையும் முட்டிக்கொண்டிருக்கும். ஒரு இடத்தில் ஸ்கர்ட்டிங்கை, அதாவது சுவரடியில் ஒட்டியிருக்கும் டைல்ஸ் பட்டையை, கழற்றிப் பாருங்கள். இடைவெளி இல்லையென்றால் காரணம் அதுதான். கட்டிங் மெஷினால் சுவரோரம் 6 மில்லிமீட்டர் அறுத்து விடச் சொல்லுங்கள். அதில் சிமென்ட் அடைக்கக் கூடாது, ஸ்கர்ட்டிங் மூடிக்கொள்ளும். இதைச் செய்யாமல் எழும்பியதை மட்டும் ஒட்டினால், அடுத்த கத்திரி வெயிலில் பக்கத்து டைல்ஸ் எழும்பும்.

அப்புறம், ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தால் ஹால் முழுக்கத் தட்டி, காலிப் பானை போலச் சத்தம் வரும் இடத்தையெல்லாம் சாக்பீஸால் குறித்து வையுங்கள். சத்தம் மட்டும் வந்து, ஆடாமல், இடுக்கில் விரிசல் இல்லாமல் இருப்பவற்றை அப்படியே விடலாம். கட்டில், பீரோவுக்கு அடியில் இருந்தால் கவலையே வேண்டாம். மிதித்தால் ஆடுபவற்றைத்தான் பெயர்க்க வேண்டும். இடுக்கில் துளை போட்டு எபாக்ஸி என்ற பிசினை அடியில் ஏற்றுவதும் உண்டு. ஒன்றிரண்டு மூலைகளுக்கு அது சரி, ஆடும் டைல்ஸுக்கு எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

உடையாமல் பெயர்ந்ததைத் திரும்பப் போடலாம். அதே நிறத்தில் புதிதாகக் கிடைப்பது கஷ்டம், அதனால் பத்திரமாக எடுக்கச் சொல்லுங்கள். முதுகில் இருக்கும் வெள்ளைப் பொடி, பழைய சிமென்ட் எல்லாம் கம்பி பிரஷ்ஷால் போக வேண்டும். தரையில் உதிர்வதைக் கொத்தி எடுத்து, தூசியில்லாமல் பெருக்க வேண்டும். பசையைப் பல் வைத்த கரணையால் தரை முழுக்க இழுக்க வேண்டும். நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்து அமுக்குவதற்குச் சம்மதிக்காதீர்கள். ஃபேனை நிறுத்திவிடுங்கள், காற்றில் பசை மேலே ஆடை கட்டிவிடும். இடுக்கு 2 மில்லிமீட்டராவது இருக்கட்டும். ஒரு நாள் முழுக்க யாரும் மிதிக்கக் கூடாது.

முதல் டைல்ஸை உட்கார வைத்த உடனே அதை ஒருமுறை தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். முதுகு முழுக்கப் பசை பிடித்திருந்தால் மேலே வேலை செய்யட்டும்.