பாட்டுதானே பாடினான்

"சினிமாப் பாட்டு கேட்பதால் ஆண், பெண் பற்றிய நம் பார்வை மாறிவிடுமா? வெறும் பாட்டுதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தப் "பாட்டுதானே" என்ற சொல்லை 1996ஆம் ஆண்டு, கடையத்திலிருந்து அம்பாசமுத்திரம் போகும் பஸ்ஸில் நான் கேட்டேன்.

அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். தினமும் காலையில் ஒருவன் என் பின்னால் நின்று, எல்லா டீக்கடைகளிலும் அப்போது ஓடிக்கொண்டிருந்த ஒரு பாட்டை, அன்றைக்கு நான் கட்டியிருக்கும் தாவணியின் நிறத்தைச் சேர்த்துப் பாடுவான். கூட வந்தவர்கள் கம்பியில் தாளம் போடுவார்கள். மூன்றாவது வாரம் கண்டக்டரிடம் சொன்னேன். "பாட்டுதானே பாடினான், கையைப் பிடித்தா இழுத்தான்?" என்றார். விஷயம் வீட்டுக்குத் தெரிந்தது. அப்பா அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பரீட்சை முடிந்ததும் என்னைக் கல்லூரிக்கு அனுப்பவில்லை. பட்டப்படிப்பை அஞ்சல் வழியில்தான் முடித்தேன். தமிழ்நாட்டில் ஈவ் டீசிங் தடைச் சட்டம் வந்தது 1998இல், அதுவும் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்த பிறகு.

அந்தப் பையனைக் கெட்டவன் என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு பெண்ணிடம் எப்படிப் பேசுவது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுக்க வீட்டிலும் ஆளில்லை, பள்ளியிலும் ஆளில்லை. பாட்டு மட்டும் சொல்லிக்கொடுத்தது. பல்லவியில் அவள் முறைப்பாள், முதல் சரணத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், இரண்டாம் சரணத்தில் அவன் தோளில் சாய்ந்திருப்பாள். நூறு பாட்டுகளில் இதையே பார்த்தவனுக்கு என் முறைப்பு பல்லவியாகத்தான் பட்டிருக்கும். இரண்டாம் சரணம் வரும் என்று அவன் மனதார நம்பியிருப்பான்.

ஆனால் வரிகளைவிடக் குரல்தான் நமக்கு அதிகம் கற்றுக்கொடுக்கிறது என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டுத் திண்ணையில் என் அத்தை பீடி சுற்றும்போது ரேடியோ ஓடிக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் இலங்கை வானொலி. பி. சுசீலா பாடினால் அத்தையும் கூடவே முணுமுணுப்பாள். எல்.ஆர். ஈஸ்வரியின் கிளப் பாட்டு வந்துவிட்டால் பீடித்தட்டை இறக்கி வைத்துவிட்டு எழுந்து போய்ச் சத்தத்தைக் குறைப்பாள். "பொம்பளைப் பிள்ளை கேட்கிற பாட்டா இது?" என்பாள். அறுபது, எழுபதுகளின் படங்களில் கதாநாயகியின் காதலும் தாலாட்டும் பெரும்பாலும் சுசீலாவுக்கு. மது விடுதியில் ஆடுகிறவளின் பாட்டு ஈஸ்வரிக்கு. படத்தைப் பார்க்காமலே, குரலை வைத்தே, இவள் எப்படிப்பட்ட பெண் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். நல்ல பெண்ணின் குரல் மெலிந்திருக்கும். ஆசை உள்ளவளின் குரலில் கனம் இருக்கும். பத்து வயதில் இதை நான் கற்றுக்கொண்டேன். அதன் பிறகு வாய்விட்டுப் பாடவே கூசினேன்.

அதே அத்தை, முப்புடாதி அம்மன் கோவில் திருவிழாவான கொடையில் புளியமரத்துக் கூம்பு ஒலிபெருக்கியில் ஈஸ்வரியின் அம்மன் பாட்டு முழங்கும்போது கண்ணை மூடிக் கும்பிட்டு நிற்பாள். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த அந்த அம்மாவின் பாட்டுக்குத்தான் எங்கள் ஊரில் சாமி வந்து ஆடுவார்கள். அதே தொண்டை, அதே கனம். ஒரு பெண் அவ்வளவு உரக்கப் பாடுவதற்கு அவள் தெய்வமாக இருக்க வேண்டியிருந்தது.

பழைய பாட்டெல்லாம் சுத்தம், சினிமா வந்துதான் கெடுத்தது என்று சொல்ல நான் வரவில்லை. முத்துப்பட்டன் கதையை வில்லுப்பாட்டில் பாடும்போது, செத்துப்போன அவனோடு தீயில் இறங்கும் அவன் மனைவிகள் பொம்மக்கா, திம்மக்காவுக்காகப் பெண்கள் எல்லோரும் அழுவோம். அது ஏன் பத்தினித்தனம் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

சுடலைமாடன் கொடையில் கணியான் கூத்து நடக்கும். அண்ணாவி என்கிற தலைமைப் பாடகர் பாட, மகுடம் என்கிற பறைகள் இரண்டு அதிர, இரண்டு ஆண்கள் சேலை கட்டி, சலங்கை கட்டி விடிய விடிய ஆடுவார்கள். ஊர்ப் பெரியவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். அந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து என் சித்தப்பா பிள்ளை வீட்டுக்குள் என் தாவணியைச் சுற்றிக்கொண்டு ஆடும். அழகாக ஆடும். சாமி முன்னால் அந்த ஆண்கள் ஆடியபோது கும்பிட்ட ஊர், இந்தப் பிள்ளை நடந்துபோனால் சினிமாவில் கேலிக்குப் பயன்படுத்தும் "ஒன்பது" என்ற எண்ணை ராகம் போட்டுப் பாடியது. பதினாறு வயதில் அது ஊரை விட்டுப் போனது. இன்று அவள் திருநங்கை. வேறொரு நகரத்தில் இருக்கிறாள். 2008இல் அரசு திருநங்கையர் நல வாரியம் அமைத்தபோதுகூட அவள் இவ்வளவு பேசவில்லை. 2019இல் திருநங்கையான பரதநாட்டியக் கலைஞர் நர்த்தகி நடராஜுக்குப் பத்மஸ்ரீ அறிவித்த அன்று எனக்குப் போன் செய்து, "அக்கா, ஆடினதுக்காகக் கொடுத்திருக்கிறார்கள்" என்று அழுதாள்.

இப்போதைய பாட்டுகளில் துரத்தல் கொஞ்சம் குறைந்து, புலம்பல் கூடியிருக்கிறது. 2011இல் ஒரு பாட்டு உலகம் முழுக்கப் பரவிய பிறகு, காதலில் தோற்றவனுக்கு "சூப் பாய்" என்று ஒரு பட்டப்பெயரே கிடைத்தது. வேண்டாம் என்று சொன்ன பெண் அந்த வகைப் பாட்டுகளில் ஏமாற்றுக்காரி. என் மகனுக்குப் பதினைந்து வயது, அவனும் முணுமுணுக்கிறான். நான் தடுப்பதில்லை. "அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று பாட்டில் எங்கேயாவது வருகிறதா?" என்று ஒருமுறை கேட்டேன். முதல் வரியிலிருந்து மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு, "இல்லையம்மா" என்றான்.

போன கொடையில் முளைப்பாரி தூக்கிப் பெண்பிள்ளைகள் வரும் நேரத்தில் மைக் செட்டில் ஒரு துரத்தல் பாட்டு ஓடியது. தெருமுனையில் நின்ற பையன்கள் அந்தப் பிள்ளைகளைப் பார்த்துச் சேர்ந்து பாடத் தொடங்கினார்கள். தலையில் பாரி இருக்கும்போது அவர்களால் குனியவும் முடியாது, வேகமாக நடக்கவும் முடியாது. நான் நேராக மைக் செட் தம்பியிடம் போய் நிறுத்தச் சொன்னேன். நிறுத்திவிட்டான். "வேறு எதைப் போட, மைனி?" என்று கேட்டான்.

ஈஸ்வரி பாட்டைப் போடச் சொன்னேன். சத்தத்தைக் கூட்டி வைக்கவும் சொன்னேன். பிள்ளைகளோடு சேர்ந்து நானும் பாடிக்கொண்டே கோவில் வரைக்கும் நடந்தேன்.