மூன்று டாலர் கறுப்புச் சுருட்டு

அன்புள்ள ஐயா,

கனெக்டிகட் புகையிலை வயல்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த துணிச்சலில் இதைக் கேட்கிறேன். நான் டாலஸில் இருக்கிறேன். அலுவலக நண்பர் சொன்னதைக் கேட்டு 20 சுருட்டுகள் கொண்ட ஒரு கட்டு வாங்கினேன். மடூரோ என்கிற கறுப்பு வகை, சுருட்டியது நிக்கராகுவாவில், வெளியே சுற்றும் மேலிலை மெக்சிகோவில் விளைந்தது என்று ஒட்டியிருந்தார்கள். கட்டு 60 டாலர். கன்னங்கரேலென்று பார்க்க அழகாகத்தான் இருந்தது. சாக்லேட், உலர்திராட்சை, எஸ்பிரெஸோ என்றெல்லாம் விற்பவர்கள் வர்ணித்திருந்தார்கள். எனக்குக் கிடைத்தது கசப்பு. பாதிக்கு மேல் தகரத்தை நக்கியது போல ஒரு சுவை. பிறகு தலைசுற்றல், வியர்வை. வீட்டில் வாங்கிய திட்டு தனி.

கறுப்பென்றால் கடுமை என்று நண்பர் இப்போது சொல்கிறார். அப்படித்தானா? இந்தச் சாக்லேட்டும் திராட்சையும் வெறும் வியாபாரப் பேச்சா? மூன்று டாலர் சுருட்டை எதை வைத்து எடைபோடுவது? சிகரெட்டை விட்டு நான்கு ஆண்டுகள் ஆகின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

முதலில் உங்கள் நண்பரின் கணக்கைத் தீர்த்துவிடுகிறேன். மேலிலையின் நிறத்தை வைத்துச் சுருட்டின் கடுமையைச் சொல்ல முடியாது. தலையைச் சுற்றவைப்பது பெரும்பாலும் உள்ளே இருக்கும் இலை. செடியின் உச்சியில் அதிக வெயில் வாங்கி வளரும் இலைக்கு லிஹெரோ என்று பெயர். தடித்தது, மெதுவாக எரிவது, நிக்கோட்டின் மிகுந்தது. அதை உள்ளே கூட்டி வைத்து, வெளியே வெளிறிய மஞ்சள் இலையைச் சுற்றிவிட்டால் பார்க்கப் பசுப்போல இருக்கும், முட்டும்போதுதான் தெரியும். கன்னங்கரிய சுருட்டு சாதுவாக இருப்பதும் உண்டு.

அப்படியானால் அந்தக் கறுப்பு எதைக் காட்டுகிறது? காலத்தை. மடூரோ என்றால் ஸ்பானிய மொழியில் பழுத்தது, முதிர்ந்தது என்று பொருள். நான் இருப்பது ஹார்ட்ஃபோர்டுக்கு வடக்கே, கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில். இந்தப் பள்ளத்தாக்குக்குப் பெயர் வாங்கித் தந்த புகையிலை இரண்டு வகை. ஒன்று துணிப்பந்தலின் நிழலில் வளர்வது. அதன் இலை மெல்லியது, ஒவ்வொன்றாகப் பறிப்பார்கள். இன்னொன்று பிராட்லீஃப், அகன்ற இலை. திறந்த வெயிலில் தோல் போலத் தடிக்கும். அதை இலை இலையாகப் பறிப்பதில்லை. செடியையே அடியோடு வெட்டி, வதங்கவிட்டு, ஒரு நீளக் குச்சியில் தண்டைக் குத்திக் கோத்து, கொட்டகையில் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள். கொட்டகைச் சுவரில் ஒன்றுவிட்டு ஒரு பலகை கதவு போலத் திறக்கும், காற்றுக்காக. ஆகஸ்ட் மாதம் அந்த வழியாகக் காரில் போனால் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் ஓட்டுவேன். பச்சை வாடையும் வைக்கோல் வாடையும் கலந்து வரும். இலை காய்ந்த பிறகும் உடனே இறக்க முடியாது, தொட்டால் நொறுங்கும். மழையோ மூடுபனியோ வந்து இலை நமுத்துப்போகும் நாளுக்காகக் காத்திருந்து இறக்குவார்கள்.

அதற்குப் பிறகுதான் கறுப்பு வருகிறது. இலைகளை ஈரப்படுத்தி அம்பாரமாக அடுக்குவார்கள். சாணக் குவியலின் உள்ளே சூடு பிறப்பது போல அந்த அம்பாரத்துக்குள்ளும் சூடு ஏறும். ஏறியதும் பிரித்து, உள்ளே இருந்ததை வெளியேயும் வெளியே இருந்ததை உள்ளேயும் மாற்றி மறுபடி அடுக்குவார்கள். அம்மோனியா நெடி அப்போதுதான் வெளியேறுகிறது. மடூரோவுக்கு இந்தச் சூடும் அதிகம், நாளும் அதிகம். பந்தல் நிழலில் வளர்ந்த மெல்லிய இலை இதைத் தாங்காது, கிழிந்துவிடும். பிராட்லீஃப் தாங்கும். மெக்சிகோவின் வெராகுரூஸ் மாநிலத்தில் சான் ஆந்திரேஸ் பகுதியின் எரிமலை மண்ணில் விளையும் இலையும் தாங்கும். மெக்சிகோ மேலிலை என்று உங்கள் கட்டில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

ஆக, மலிவான கறுப்புச் சுருட்டிடம் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இந்த நிறம் காத்திருந்து வந்ததா, அவசரத்தில் பூசியதா? குறுக்குவழிகள் இருக்கின்றன. இலையை ஆவியில் வேகவைத்துக் கறுப்பாக்கலாம், சாயமும் ஏற்றலாம். சிலவற்றில் வாயில் வைக்கும் முனையில் இனிப்பைத் தடவி விற்கிறார்கள். உதட்டை நக்கிப் பார்த்தாலே அது தெரிந்துவிடும். எனக்கு அந்த வகையோடு பேச்சுவார்த்தை இல்லை.

உங்கள் கடிதம் வந்த வாரமே, நீங்கள் குறிப்பிட்ட அதே சுருட்டில் மூன்றை இங்கே ஒரு கடையில் வாங்கினேன். ஐந்து அங்குல நீளம், 50 ரிங் தடிமன். ஓர் அங்குலத்தை 64 பங்காக்கினால் அதில் 50 பங்கு என்று கணக்கு. ஈரமாக்கிய வெள்ளைக் காகிதத்தால் மேலிலையைத் துடைத்தேன். வெளிறிய டீக்கறை படிந்தது. நல்ல இலையிலும் அவ்வளவு நிறம் இறங்கும். மை போல இறங்கினால்தான் சந்தேகப்பட வேண்டும். நிறமும் ஒரே சீராக இல்லை, நரம்போரம் ஒரு கறுப்பு, நடுவில் செம்மை கலந்த இன்னொரு கறுப்பு. அது எனக்குப் பிடித்தது. சாயம் ஏற்றியது பள்ளிக்கூடக் கரும்பலகை போல ஒரே மட்டமாக இருக்கும்.

முதல் சுருட்டை வாங்கிய அன்று மாலையே பற்றவைத்தேன். விரலால் அழுத்தினால் கனிந்த வாழைப்பழம் போல அமுங்கியது. உள்ளே ஈரம். நான்கு முறை அணைந்தது. மறுபடி பற்றவைக்கும் ஒவ்வொரு முறையும் கசப்பு ஒரு படி ஏறியது. அணையக் கூடாதே என்று வேகமாக இழுத்தேன், சூடேறி அந்தத் தகரச் சுவையும் வந்தது. நீங்கள் எழுதியதை வரி விடாமல் நானும் அனுபவித்தேன்.

மற்ற இரண்டையும் மூடி இறுகிய ஒரு டப்பாவில், காற்றின் ஈரப்பதத்தை 65 சதவீதத்தில் நிறுத்தும் உறை ஒன்றோடு போட்டு இரண்டு வாரம் மறந்துவிட்டேன். பிறகு எடுத்து அழுத்தியபோது அமுங்கி, மீண்டும் எழும்பியது. நம் ஊர்ச் சுருட்டுக்கு இரு முனையும் திறந்திருக்கும். ஆங்கிலேயன் நம் சொல்லையே எடுத்துக்கொண்டு செரூட் என்று பெயர் வைத்தது அந்த வகைக்குத்தான். இதற்கோ ஒரு முனையில் இலைக்குல்லாய் இருக்கும். அதன் நுனியை மட்டும் மெல்லிசாகச் சீவ வேண்டும். ஆழமாக வெட்டினால் மேலிலை பிரிந்துகொண்டு வந்துவிடும். பற்றவைக்கும் முன் வெறுமனே இழுத்துப் பார்த்தேன்: காய்ந்த வைக்கோல், பின்னால் கொஞ்சம் கோகோ. தீயை நுனியில் ஒட்டாமல் சற்றுத் தள்ளிப் பிடித்து, சுற்றிச் சுற்றிக் காட்டி, பிறகு இழுத்தேன். நிமிடத்துக்கு ஒரு முறை, அதற்கு மேல் இல்லை.

முதல் ஓர் அங்குலம் மிளகு. நாக்கின் நுனியில் சுருக்கென்று வந்து அடங்கியது. அடுத்து வந்ததை எஸ்பிரெஸோ என்று சொல்ல மாட்டேன், சிக்கரி கூடிப்போன காப்பி அது. நடுப்பகுதிதான் இந்தச் சுருட்டின் நல்ல காலம். கருப்பட்டிப் பாகு அடிபிடிக்கப் போகும் நேரத்தில் சமையலறையில் ஒரு வாசனை எழும் அல்லவா, இனிப்பும் கருகலும் சேர்ந்து? கொஞ்சம் புகையை மூக்கு வழியாக விட்டபோது அது தெளிவாகக் கிடைத்தது. உங்கள் விற்பனையாளரின் சாக்லேட்டும் திராட்சையும் ஏறக்குறைய இதுதான். பொய்யில்லை, அவர் வளர்ந்த வீட்டில் அடுப்பில் இருந்தவை அவை, அவ்வளவுதான். தோல், தேவதாரு, மொலாசஸ் என்று அவர்கள் எழுதுவதை அப்படியே நாம் நாக்கில் தேடினால் கிடைக்காது, ஏமாந்துதான் போவோம். தொண்டையைப் பிடிப்பதற்கே நம்மிடம் எத்தனை சொற்கள்! மிளகாய் வறுத்தால் கமறுகிறது, வேகாத கருணைக்கிழங்கு காறுகிறது, வாழைப்பூ துவர்க்கிறது. இவை வேறு வேறு. அவர்களுடைய மதிப்புரைகளில் பல சமயம் இவை மூன்றுக்கும் ஒரே சொல்தான்.

கடைசி மூன்றில் ஒரு பங்கில் காறல் வந்துவிட்டது. எவ்வளவு மெதுவாக இழுத்தும் போகவில்லை. சாம்பலும் அரை அங்குலம் தாண்டுவதற்குள் சட்டையில் உதிர்ந்தது. காரணம் தெரிய மூன்றாவது சுருட்டைப் பற்றவைக்காமல் கத்தியால் நீளவாக்கில் பிளந்தேன். மேலிலை அருமையாக இருந்தது. அதற்குள் உள்ளிலையைச் சேர்த்துக் கட்டும் இலை, அதற்குள் நீள இலை ஒன்றிரண்டு, நட்டநடுவில் நறுக்கிய துண்டுகள். பெரிய சுருட்டுகளுக்கு வெட்டியபோது மிஞ்சிய கழிவாக இருக்கலாம். மூக்கருகே கொண்டுபோனால் லேசான மாட்டுத்தொழுவ நெடி. மேலிலைக்குக் கொடுத்த காலத்தை உள்ளிலைக்குக் கொடுக்கவில்லை. மூன்று டாலரில் எங்கேயாவது மிச்சம்பிடித்தாக வேண்டும், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பிடித்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கறுப்பு பூச்சு இல்லை. இந்த விலைக்கு அது குறைந்த விஷயமில்லை. நான் மதிப்பெண் போடுவதில்லை. முதல் மூன்று அங்குலத்துக்கு மூன்று டாலர் தரலாம். மிச்சத்தைக் கீழே வைத்துவிடலாம். கடைசி வரை இழுத்தே தீர வேண்டும் என்று யாரும் சத்தியம் வாங்கவில்லை.

உங்கள் தலைசுற்றலுக்கு வருகிறேன். வெறும் வயிற்றில் பிடித்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. புகையை உள்ளே இழுத்திருப்பீர்கள் என்று மட்டும் ஊகிக்கிறேன். சிகரெட் பழகிய நெஞ்சு கேட்காமலே இழுத்துவிடும். சுருட்டுப் புகை அமிலத்துக்கு எதிரான காரத்தன்மை கொண்டது, அதன் நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே இரத்தத்தில் ஏறிவிடும், நுரையீரல் வரை போகத் தேவையில்லை. உள்ளே இழுக்காவிட்டாலும் வாய்க்கும் தொண்டைக்கும் வரும் புற்றுநோயிலிருந்து இதற்கு விலக்கு இல்லை. நான் மாதத்துக்கு ஒன்றிரண்டு பிடிப்பவன், எனக்கும் விலக்கு இல்லை. நான்கு ஆண்டு விட்டிருந்தவர் நீங்கள். கேட்டதால் சொல்கிறேன்: மீதமுள்ளதை நண்பரிடமே கொடுத்துவிடுங்கள்.

பிளந்த சுருட்டைப் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் காட்டினேன். அவர் குடும்பம் இந்தப் பள்ளத்தாக்கில் பிராட்லீஃப் பயிரிட்டது, சிறுவயதில் கொட்டகையில் ஏறிக் குச்சி தொங்கவிட்டவர். உள்ளிலையைப் பார்க்கக்கூட இல்லை. மேலிலையை மட்டும் உரித்து, கட்டைவிரலால் தடவி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நரம்பைப் பார்த்தார். "எங்கள் இலை இல்லை" என்றார். பிறகு, "மோசமும் இல்லை" என்றார். பற்றவைக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிப் பல வருடமாயிற்றாம். உரித்த இலையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு புல்வெட்டும் இயந்திரத்தை எடுக்கப் போனார். பாதிப் புல் வெட்டியிருப்பார், நிறுத்திவிட்டு அதை எடுத்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்.